மேலதிகாரியின் உத்தரவு

மாடிக்குக் குடிவந்த ராணுவப் பெண் கேப்டன் காலையில் சாவி வாங்கக் கீழே வந்தபோது, மூடிய அறைக்குள் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி, வீட்டுக்காரரான ரிட்டயர்ட் ஹவில்தாரின் குரல் இடியாக விழுந்தது.

"ஆம்பளையாடா நீ? சிப்பாய் அழுவானா? நிமிந்து நில்லுடா!"

விசும்பல் சட்டென்று அடங்கியது.

கேப்டனுக்குச் சுருக்கென்றது. சாவியை நீட்டிய வீட்டுக்காரம்மாவிடம் கேட்டாள்: "கூடத்துப் படத்துல யூனிஃபார்மோட நிக்கிறாரே, உங்க பையன், அவரா அக்கா? லீவுல வந்த பிள்ளைய இப்படியா விரட்டுறது? இப்பல்லாம் நாங்களே மனசு விட்டு அழச் சொல்றோம்."

வீட்டுக்காரம்மா கதவையே பார்த்தாள். "அவன் எல்லையில செத்துட்டாம்மா. அன்னையிலருந்து இவர் தினம் பூட்ஸை மாட்டிக்கிட்டு உள்ள போயிடுவார். அழுறதும் இவர்தான், அதட்டுறதும் இவர்தான். யார் சொன்னாலும் கேக்க மாட்டார்."

"நான் சொன்னா கேட்டுத்தானே ஆகணும்?" கேப்டன் கதவைத் தட்டினாள். "ஹவில்தார்! கேப்டன் பேசுறேன். தாராளமா அழலாம். இது உத்தரவு!"

உள்ளே பூட்ஸ்கள் படீரென்று அட்டென்ஷனில் சேர்ந்தன.

"யெஸ் மேடம்!"

பதில் இரண்டு குரல்களில் வந்தது. பிறகு இரண்டும் அழத் தொடங்கின.