பார்த்தேன்

"கோர்ட்டுல இருந்து எங்களுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வரலைம்மா," என்றாள் மனைவி வக்கீலம்மாவிடம், மூன்றாவது முறையாக. கணவர் பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூன் இரண்டாம் தேதி காலை, வங்கியின் மூன்றாவது கவுன்ட்டரில், அவருடைய கணக்கு முடக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் எடுக்கப் போயிருந்தார். ஏதோ கடன் வழக்காம், தீர்ப்பே ஆகிவிட்டதாம். எந்தக் கடன், எந்த வழக்கு என்று அவருக்குப் புரியவில்லை. கவுன்ட்டரில் இருந்தவருக்கும் தெரியவில்லை. கட்டணம் கட்டக் கடைசி நாள் ஜூன் முப்பது.

வக்கீலம்மா கோர்ட்டில் வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மனைவியின் தம்பி நாலு வருஷத்துக்கு முன்னால் வண்டி வாங்கிய கடன் அது. தவணையை நிறுத்திவிட்டு அவன் ஊரைவிட்டே போய்விட்டான். ஜாமீன் கையெழுத்து இவருடையது.

"அந்த ஃபாரத்தைப் படிச்சுப் பார்த்துதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"நல்லாவே பார்த்தார்," என்றாள் மனைவி. "அதுல இருந்த ஏழு எழுத்துப்பிழையையும் திருத்திக் குடுத்துட்டு, கீழே கையெழுத்தும் போட்டுட்டு வந்தார்."

வக்கீலம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். பயப்பட வேண்டாம் என்றார். சம்மன் கைக்கு வரவில்லை என்று காட்டினால், இவர் இல்லாமலே கொடுத்த தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லலாம். விஷயம் தெரிந்த நாளில் இருந்து முப்பது நாளுக்குள் மனுப் போட வேண்டும், அவ்வளவுதான். வங்கிப் புத்தகத்தை நகல் எடுத்துவரச் சொல்லி மனைவியைக் கீழே ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினார்.

"சம்மன் கொண்டுவந்த ஆள், மூணு தடவையும் வீடு பூட்டியிருந்ததா எழுதியிருக்கார்."

"பகல்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம்."

"அதனால பேப்பர்ல அறிவிப்புப் போட்டிருக்காங்க. போன வருஷம் அக்டோபர் ஒன்பது." கோப்பில் இருந்து ஒரு பத்திரிகைப் பக்கத்தின் நகலை எடுத்து நீட்டினார். "இந்தப் பேப்பர் வீட்டுக்கு வருதா?"

அவர் அறிவிப்பைப் பார்க்கவில்லை. பக்கத்தின் தலைப்பையும் தேதியையும் பார்த்தார்.

"வாங்குறதில்லைங்க."

"ரொம்ப நல்லது. இன்னொண்ணு பாருங்க. உங்க வீடு பதினாறு. இதுல அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கான். இது ஒண்ணு போதும், தீர்ப்பு நிக்காது."

அவர் முகம் மலரவில்லை, வெளிறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அந்த எண்ணையே பார்த்தார்.

"கோர்ட்டு குடுத்த மூலத்துல என்ன இருக்கு?"

"பதினாறுதான். அச்சுலதான் மாறியிருக்கு."

அவர் நகலை மேஜைமேல் வைத்தார். "இந்த நம்பர் விஷயத்தைச் சொல்லாம கேஸை நடத்த முடியாதாம்மா?"

தன் காதில் விழுந்தது சரிதானா என்று வக்கீலம்மாவுக்குச் சந்தேகம். "உங்களைக் காப்பாத்தப் போறதே அதுதான். அதை எதுக்கு மறைக்கணும்?"

அவர் பதில் சொல்வதற்குள் மனைவி படியேறி வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எந்தப் புண்ணியவான் தப்பாப் போட்டானோ, அவன் நூறு வருஷம் நல்லா இருக்கணும்."

கணவருக்குப் புரையேறியது.

மறுநாள் மனு தட்டச்சாகி வந்தது. பேனாவைத் திறந்து, வரிவரியாக விரல் வைத்துப் பார்த்து, இரண்டு இடத்தில் விட்டுப்போன ஒற்றெழுத்தைச் சேர்த்தார். மூன்றாவது இடத்தில் நின்றார்.

"'மேற்படி அறிவிப்பை நான் பார்க்கவில்லை'ன்னு இருக்கு. 'படிக்கவில்லை'ன்னு மாத்திடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்லைங்க."

வக்கீலம்மா அவரையும் காகிதத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பார்க்கவில்லை என்று இருந்தால் மனு இன்னும் வலுவாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தார். சத்தியம் பண்ணுவது நான்தானே என்றார் அவர்.

"மாத்திடுங்கம்மா," என்றாள் மனைவி. "இருபது வருஷமா கூட இருக்கேன், இவர் பேசுறது எனக்கே பாதி புரியாது."

மாற்றினார்கள்.

இருபத்துநாலாம் தேதி விசாரணை. கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் வக்கீல் அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார். படிக்கவில்லை என்றால் பார்த்தாரா, அதை மட்டும் சொல்லட்டும் என்றார். கூண்டில் நின்றவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

அதற்குள் நீதிபதி பக்கத்தின் நகலைத் தூக்கிக் காட்டினார். "கதவு எண்ணே தப்பு. இவர் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன?"

தீர்ப்பு ரத்தானது. வழக்கு முதலில் இருந்து நடக்கும் என்று உத்தரவு. மூன்றாம் நாள் கணக்கைத் திறந்துவிட்டார்கள். அன்று மாலையே மகளின் கட்டணம் கட்டியாயிற்று.

ஜூலையில், விளம்பரத்துக்குக் கொடுத்த பணத்தையும் நஷ்டத்தையும் கேட்டு, நிதி நிறுவனம் அந்தப் பத்திரிகைக்கு நோட்டீஸ் அனுப்பியது. பத்திரிகையில் அக்டோபர் ஒன்பதாம் தேதிப் பக்கத்தின் புரூஃப் தாளைத் தேடி எடுத்தார்கள். ஓரத்தில் சிவப்பு மையில் 'பார்த்தேன்' என்று எழுதி, பதினேழு வருஷமாக அங்கே பிழை திருத்தும் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அடுத்த மாதம் முதல் தேதி, திறந்திருந்த கணக்கில் சம்பளம் வரவில்லை.