கறுப்புக் கண்ணாடி

“கண்ணுல தண்ணி பட்டுச்சா? உண்மையைச் சொல்லுங்கம்மா” என்று மறுபடியும் கேட்டார் டாக்டர்.

“சத்தியமா இல்ல டாக்டர்! லேசர் பண்ணின நாள்லேருந்து தலைக்குக்கூட ஊத்த விடல. நானேதான் ஈரத்துணி வச்சு முகத்தைத் தொடைச்சு விடுதேன்” என்றாள் பேச்சியம்மாள். பக்கத்தில் மகள் பூஜா ஒரு கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கண் கோவைப்பழமாகச் சிவந்து, ஓரத்தில் பூளை தள்ளியிருந்தது.

“சுத்தமில்லாத தண்ணியிலேருந்து பாக்டீரியா ஏறியிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பார்வையே போயிருக்கும்.”

பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பாவி மனுஷி! கண்ணாடி போட்டுக்கொண்டு சிவனே என்று இருந்த பிள்ளையை ஆபரேஷனுக்கு இழுத்து வந்தவள் அவள்தானே. எல்லாம் மாப்பிள்ளையின் அம்மா போனில் கேட்ட கேள்வியால் வந்த வினை. “பொண்ணு சோடாபுட்டி கீடாபுட்டி போடாதுல்லா?” “ஐயோ, கிடையவே கிடையாது மதினி!” என்று வாய் கூசாமல் சொல்லியாகிவிட்டது. தி.நகரில் தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று அடையாறு ஆஸ்பத்திரி வரை வந்ததும் அதனால்தான்.

“வெளியில எங்கயாவது போனீங்களா?”

“நிச்சயதார்த்தம், டாக்டர்” என்று முனகினாள் பூஜா. “வெளிச்சம் கூசுதுன்னு கறுப்புக் கண்ணாடி போட்டுட்டுத்தான் இருந்தேன்.”

“மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. இவ சங்கடப்படக் கூடாதுன்னு அவரும் ஜோடியா ஒண்ணு மாட்டிக்கிட்டாரு!” என்றாள் பேச்சியம்மாள், அந்தக் கலக்கத்திலும் பெருமையாக.

“மண்டப வாசல்ல போட்டோ எடுக்கறப்ப மட்டும் ரெண்டு பேரும் கழட்டினோம். அப்பதான் அம்மா பன்னீர் தெளிச்சாங்க.”

பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்குப் பன்னீர் பாதியில் தீர்ந்துபோனது. வாசலில் கூட்டம் நிற்கிறதே என்று, மண்டபத்துத் தொட்டித் தண்ணீரைப் பன்னீர்ச் செம்பில் ஊற்றி, “என் ராசா! என் ராசாத்தி!” என்று இரண்டு முகத்திலும் ஆசைதீரத் தெளித்தது இந்தக் கைதான்.

“நான்தான் டாக்டர்! என் கண்ணைப் பிடுங்கி அவளுக்கு வச்சிருங்க!” என்று கதறிவிட்டாள்.

“அழாதீங்க. நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விடுங்க, காப்பாத்திடலாம்.”

போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் கதவைத் திறக்கும்போதே திரும்பி, “ஏட்டி, இது மட்டும் அவுகளுக்குத் தெரிஞ்சுது, கல்யாணம் நின்னே போகும். மூச்சு விடாத!” என்று மகள் காதில் கிசுகிசுத்தாள்.

வெளியே நர்ஸ் கூப்பிட்டாள். “லேசர் பண்ணின ராம்குமார்! உள்ள வாங்க!”

கறுப்புக் கண்ணாடியோடு தடவித் தடவி எழுந்தார் மாப்பிள்ளை. அவர் கையைப் பிடித்திருந்த அம்மா, பேச்சியம்மாளைப் பார்த்ததும், கதவுக்குப் பின்னால் நின்ற பூஜாவைக் கவனிக்காமல் ஓடி வந்தாள்.

“மதினி, உங்க காலைப் பிடிக்கேன்... இவன் சோடாபுட்டி போட்டவன்னு பூஜாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்!”