பதினோரு நிமிட ஆட்சேபணை

"பாடகனைப் பெத்த அப்பனே கைப்பட எழுதிக் கொடுத்துட்டார். இனிமே உன் நியாயம், உரிமை எல்லாத்தையும் மூட்டை கட்டி வைம்மா!"

மன்றத் தலைவர் காகிதத்தைக் கொடிபோல் ஆட்டினார். 'பொருள்: படத்துக்குக் கடும் ஆட்சேபணை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவருக்கு அது போதும். இருபது வருடத் தலைமையில் எந்த மனுவிலும் 'பொருள்' வரியைத் தாண்டி அவர் கண் போனதில்லை.

படம் போட வந்த பெண் புரொஜெக்டர் மேல் கை வைத்தபடி நின்றாள். மேடைத் திரைக்கு அந்தப் பக்கம் எண்பது பேர் காத்திருந்தார்கள்.

பாட்டுக் குழு ஒன்றைப் பற்றிய ஆவணப்படம் அது. பாடுகிறவனும் டிரம்ஸ் வாசிக்கிறவனும் ஒரே வீட்டில், ஒரே படுக்கையறையில், ஒளிவுமறைவில்லாமல் குடித்தனம் நடத்துகிறவர்கள். படத்தில் ஓரிடத்தில் பாடகனுக்குக் குரல் அடைத்துப் போகும். டிரம்ஸ்காரன் தனியாளாகக் கச்சேரியைத் தூக்கி நிறுத்துவான். முடிந்ததும் பாடகன் தன் சட்டை நுனியால் அவன் நெற்றி வியர்வையைத் துடைப்பான். அவ்வளவுதான். தலைவருக்கு அதற்கே வியர்த்துவிட்டது. சந்தேகம் தீர மூன்று தடவை பார்த்துவிட்டு, அந்தக் காட்சி வரும் பதினோரு நிமிடத்தையும் வெட்டினால்தான் அரங்கம் என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் அவளும் வெட்டினாள்.

அப்படியும் அவர் மனம் ஆறவில்லை. படத்தில் வருபவரின் குடும்பத்தார் எழுத்தில் ஆட்சேபித்தால் அரங்கம் கிடையாது என்று ஒரு விதி கொண்டு வந்தார். விதிக்கு வயது நான்கு நாள். மை காய்வதற்குள் பாடகனின் அப்பாவுக்குப் போன் போட்டார்.

"உங்களுக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. இப்படிச் சந்தி சிரிக்க விடலாமாங்க? பதினோரு நிமிஷத்தை வெட்டின பிறகும் பார்க்கச் சகிக்கலை!"

"எந்தப் பதினோரு நிமிஷம்? நாப்பத்திரண்டாவது நிமிஷத்துல ஆரம்பிக்குமே, அதா?"

"அதே கண்றாவிதாங்க!"

பாவம், மனுஷனுக்கு நிமிடக் கணக்குகூட மறக்காத அளவுக்கு மனம் புண்ணாகியிருக்கிறது என்று தலைவர் உச்சுக்கொட்டினார். மறுமுனையிலிருந்து, "நேர்லயே வர்றேன். எழுதியே தர்றேன்" என்று குரல் வந்தது.

சொன்னபடி வந்துவிட்டார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். இன்றைக்கு மூன்று பஸ் மாறி வந்து, பல்லைக் கடித்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"அரங்கம் இல்லைன்னா எதிர்ச் சுவத்துல போடுவோம் சார்" என்றாள் அவள். "சுவத்துக்குத் தலைவர் கிடையாது."

"வாய் மட்டும் குறைச்சல் இல்லை" என்று தலைவர் பெரியவர் பக்கம் திரும்பினார். "நீங்களே மேடைக்கு வந்து நாலு வார்த்தை சொல்லிடுங்கய்யா. ஊரே கேட்கட்டும்."

"நான் எழுதினதை முழுசாப் படிச்சீங்களா?"

"படிக்கணுமாக்கும்! ஒரு தகப்பன் மனசு எனக்குத் தெரியாதா?"

திரை விலகியது. பண்பாடு, குடும்பம், பெற்றோர் கண்ணீர் என்று ஏழு நிமிடம் முழங்கிவிட்டு, தலைவர் தன் கையாலேயே மைக்கைப் பெரியவரிடம் கொடுத்தார். முன்வரிசையில் எவனோ ஊளையிட்டான். யாரும் எழுந்து போகவில்லை.

"இந்தப் படம் இங்க ஓடக் கூடாது" என்றார் பெரியவர்.

தலைவர் கைதட்டினார். அரங்கத்தில் அந்த ஒரு ஜோடிக் கைதான் தட்டியது.

"முழுசா ஓடணும். இல்லை, ஓடவே கூடாது."

தட்டிய கைகள் பாதியில் நின்றன. பெரியவர் மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டு, தலைவரை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டார்:

"எங்க வீட்டு மாப்பிள்ளை டிரம்ஸ் வாசிக்கிற இடத்தை வெட்டச் சொன்னது எவன்யா?"