மணி ஒன்பதே முக்கால்

“பத்து மணிக்குக் கூட்டம்னு சொல்லிட்டு பத்தரைக்கு வர்றாங்க பாரு!” என்று பல்லைக் கடித்தார் கடிகாரம் ரிப்பேர் செய்பவர்.

ஊர் மன்றத் தலைவி மேடையேறியதும் கையிலிருந்த வாட்சைப் பார்த்தார். “ஒன்பதே முக்கால்தான் ஆகுது. அதுக்குள்ள எல்லாரும் வந்துட்டீங்களே, சந்தோஷம்!”

“கூசாம பொய் சொல்றாங்க!”

“வந்த வேலையைப் பாருங்க,” என்று இடித்தாள் மனைவி.

வந்த வேலை சின்னதல்ல. கடையும் வீடும் ஒன்றாக இருக்கும் அவர் இடத்துக்குப் பின்னால் மேட்டில் காற்றாலை வரப்போகிறது. ஊருக்கெல்லாம் கரண்ட்தான். ஆனால் அவருக்குக் காதுதானே பிழைப்பு? டிக் டிக் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரம் சண்டித்தனம் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவார். தலைக்கு மேலே ராட்சத இறக்கை சுற்றினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று மனு கொடுத்திருந்தார்.

பேச எழுந்தார். தலைவியின் இரண்டு காதிலும் ஒயர்!

“தலைவரம்மா! நாங்க வயித்தெரிச்சலைக் கொட்டறோம், நீங்க பாட்டு கேக்கறீங்களா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவியும் சிரித்துக்கொண்டே ஒயரைப் பிடுங்கினார். போன் இரைந்தது. ஹூம்ம்... ஹூம்ம்... ஹூம்ம்...

“காற்றாலைங்க. பக்கத்து ஊர்ல, உங்க வீடு இருக்கிற தூரத்துல நின்னு பதிவு பண்ணேன். மூணு நாளா இதோடதான் குடும்பம் நடத்தறேன். மத்தவங்க பேச்சு நல்லாவே கேக்குது. ஆனா உங்க மனுவைப் படிச்சுட்டு, கிளம்பறப்ப வாட்சைக் காதுல வெச்சுப் பார்த்தேன். டிக் டிக் சுத்தமா கேக்கலை.”

தலைவி போனை அணைத்தார்.

“அதனால ஏரிப் பக்கம் தள்ளிடலாம். அங்க காத்து கம்மி, பாதி ஊருக்குத்தான் கரண்ட் வரும். என்ன பண்றது, ஒருத்தர் வயித்துல அடிக்க முடியுமா?”

ஒரே கைதட்டல். தினமும் கரண்டுக்காகக் கைகட்டி உட்கார்ந்திருக்கும் வெல்டிங் பட்டறைக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

“நீங்களே பாருங்க,” என்று தலைவி வாட்சைக் கழற்றி நீட்டினார்.

பழக்கதோஷம், வாங்கியதும் காதில் வைத்தார். பேச்சுமூச்சில்லை. முள்ளைப் பார்த்தார். இன்னமும் ஒன்பதே முக்கால்!

எட்டிப் பார்த்த மனைவி அவர் காலை ஓங்கி மிதித்தாள். “ஜெயிச்சாச்சு. வாயை மூடிக்கிட்டு உக்காருங்க!”

அவர் பட்டறைக்காரரை ஒருமுறை பார்த்தார். பிறகு வாட்சுக்குச் சாவி கொடுத்தார்.

“கை தட்டினவங்க கொஞ்சம் பொறுங்க. தலைவரம்மா, உங்க வாட்ச் நின்னு கிடந்திருக்கு. இப்ப ஓடுது. அந்த இரைச்சலை மறுபடி போடுங்க, இந்தத் தடவை நியாயமா கேட்டுப் பார்ப்போம்!”