நிறுத்தும் பொத்தான்

சூடேற்றிய ஆய்வு அறையில் ஒரே சட்டம்: டாக்டர் சொல்லாமல் யாரும் டிரெட்மில்லை நிறுத்தக் கூடாது.

“இன்னிக்கு என்ன கிழமை?” என்றார் டாக்டர்.

“வியாழன், சார்,” என்றாள் நர்ஸ்.

“செவ்வாய்ம்மா! ஓட ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சு?”

“தொண்ணூறு நிமிஷம்.”

“நாப்பதுதான். ஏன் இப்படி உளறிக் கொட்டற?”

அவளே குழம்பிப்போய் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். தொண்ணூறுதான்.

“ரொம்ப நேரம் ஓடி உடம்பு கொதிச்சா மூச்சு இரைக்கும், மூளைக்குப் போற ரத்தம் குறையும். அதான் உனக்கு இந்த உளறல். போதும், நிறுத்திடலாம்.”

“அப்பாடா!” என்று பாய்ந்து பொத்தானை அழுத்தினாள். பட்டை நின்றது. “இப்பவாவது இறங்குங்க, சார்.”

“ஓடறது நீதானே?” என்று கேட்டபடி, நின்றுபோன பட்டையின் மேல் டாக்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்.