மக்காவில் சாமான் வாங்கும் முறை

"பிகம் ஹாதா?" தொழுகை விரிப்பான முசல்லா ஒன்றைத் தூக்கிப் பிடித்து உம்மா விலை கேட்டார். உம்ராப் பயணத்தில் அவர் கற்றுக்கொண்ட அரபு அவ்வளவுதான்.

கடைக்காரர் சிரித்தார். "தமிழிலேயே கேளுங்க, ராத்தா."

மகள் முஸ்பிறாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கட பாக்கவா இவ்வளவு தூரம் வந்த?" என்று பயணம் முழுக்க உம்மா பள்ளிவாசலை விட்டு அசையவில்லை. வீட்டு வாசலை மிதிக்குமுன் மிஞ்சியிருந்தது இந்த ஒரு கடைதான். வெளியே வேனில் வாப்பா ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

வெறுங்கையோடு போக முடியாது. போனதற்கு அல்லாஹ் சாட்சி என்றால் பரீனா மாமிக்குப் போதாது, பேரீச்சம்பழம் வேண்டும். வாப்பாவின் தங்கை அவர். போன வருடம் உம்ரா முடித்து வந்ததிலிருந்து, மற்றவர்கள் கொண்டுவரும் சாமானை முகர்ந்து, தடவி, தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. ஒரு பொருள் பிழையாகப் போனாலும், "மக்காவுக்குப் போனாங்களோ, கொழும்பில நிண்டாங்களோ" என்று ஊரெல்லாம் கதை கட்டிவிடுவார்.

நினைத்த நேரம், மாமியே வட்ஸ்அப்பில் வந்தார். உம்மா பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"மச்சி, சாமான் எடுத்தாச்சா?"

"எடுத்துக்கிட்டுத்தான் இரிக்கன்."

"ஹரம் பள்ளிக்குக் கிட்ட எடுக்காதீங்க, ஒட்ட உரிச்சிப்போடுவானுகள். பின்னால சந்துக்குள்ள போங்க. சொல்ற விலைல பாதியக் கேளுங்க. ஏலாதெண்டா வெளிக்கிடுங்க, பின்னால ஓடி வருவான். தேத்தண்ணி தந்தா மட்டும் குடிச்சிராதீங்க, மறுகா வாங்காம வர ஏலாது."

தேத்தண்ணிக் கோப்பை உம்மாவின் உதட்டில் இருந்தது. சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"பேரீச்சம்பழத்த நசுக்கிப் பாருங்க. முசல்லாட அடியத் தடவிப் பாருங்க. எனக்கு இதெல்லாம் சொல்லித் தர ஆளில்ல மச்சி, நானா அலைஞ்சி படிச்ச. பிளேன் ராவைக்குத்தானே?"

"ஓம் மாமி" என்று முஸ்பிறா முந்திக்கொண்டாள். உம்மா வாய்க்குள் அஸ்தஃபிருல்லாஹ் என்று பாவமன்னிப்புக் கேட்டார்.

அழைப்பு அறுந்ததும் முஸ்பிறா வேலையில் இறங்கினாள். பழத்தை நசுக்கினாள், முசல்லாவைத் தடவினாள், பாதி விலைக்குக் கேட்டாள், தரமாட்டேன் என்றதும் உம்மாவின் கையைப் பிடித்து வாசல்வரை நடந்தாள். கடைக்காரர் பின்னால் ஓடி வரவில்லை. அவர்களே திரும்பி வந்து, சொன்ன விலைக்கே எடுத்தார்கள்.

"கடப் பேர் போட்ட பேக் வேணா" என்றாள் முஸ்பிறா எரிச்சலோடு. "சும்மா பேக்குல போடுங்க. பரீனா மாமி கண்டா எங்களக் கிழிச்சித் தொங்கப்போட்டுருவா."

சாமானைக் கட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்தார்.

"ஆரு, சாய்ந்தமருது பரீனா ராத்தாவா? அவவும் போன வருசம் மக்காச் சாமான் முழுக்க ஊருக்கு வந்திறங்கி இந்தக் கல்முனைக் கடையிலதானே எடுத்த."