கீரிக்குக் கிடைத்த கைதட்டல்

காட்டில் தொற்றுக் காய்ச்சல் பரவியபோது, நோயாளிகளை ஒரு குகையில் வைத்துக் கவனித்துக்கொண்டது கீரி. அது சரியாகத் தூங்கிப் பல நாளாகியிருந்தது. விடாமல் இருமிக்கொண்டிருந்த மான்குட்டி, அன்று சாயங்காலம்தான் ஒருவழியாகக் கண்ணயர்ந்தது. கீரியும் தலையைச் சாய்க்கப் போனது.

அப்போது வெளியே யானை பிளிறியது. மயில்கள் அகவின. குரங்குகள் கைதட்டின. மான்குட்டி திடுக்கிட்டு விழித்து, மறுபடி இருமத் தொடங்கியது.

கீரி வாசலுக்கு ஓடியது.

"கீரியக்கா வாழ்க! உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எல்லாரும் வந்திருக்கோம்," என்றது ஒரு குரங்கு.

கீரிக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்பச் சந்தோஷம். யாராவது ஒருத்தர் மான்குட்டி பக்கத்துல கொஞ்ச நேரம் உட்காருங்களேன். நான் ஒரு தூக்கம் போட்டுக்கிறேன்."

கூட்டம் அப்படியே பின்வாங்கியது.

"அதுக்குப் பதிலா இன்னும் பலமாத் தட்டட்டுமாக்கா?" என்று கேட்ட குரங்கு, பதிலுக்குக் காத்திராமல் தட்டியது. பிறகு எல்லாரும் மனநிறைவோடு கலைந்து போனார்கள்.

இருட்டும் நேரத்தில் ஆமை மூச்சிரைக்க வந்துசேர்ந்தது. "ஐயோ, முடிஞ்சிடுச்சா? மத்தியானமே கிளம்பினேனே!"

"முடிஞ்சிடுச்சு. மான்குட்டிகூடக் கொஞ்சம் இருக்கியா?"

"அதுக்கென்ன, இருக்கேன். எனக்குக் கைதட்டவும் வராது," என்றபடி உள்ளே நகர்ந்தது ஆமை.

அது முழுசாக உள்ளே நுழைவதற்குள் கீரி தூங்கிப்போயிருந்தது.